விஜேவீர விசாரணை தரும் பாடம்

(காரைக்குடியில் நடைபெற்ற கட்சி அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது இலங்கை விஷயம். 2024 செப்டம்பரில் அங்கே அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பரில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 ஸ்தானங்களில் 159-ஐப் பிடித்தது. அந்த அணியின் முதுகெலும்பு ஜே.வி.பி., அதாவது மக்கள் விடுதலை முன்னணி. இதைக் கேட்ட நாள் முதல் நம் கிளைகளில் இளம் தோழர்கள் ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள்: "துப்பாக்கி எடுத்தவர்கள்தானே இவர்கள்? தலைவரைக் கோர்ட்டில் நிறுத்தி ஆயுள் தண்டனை கொடுத்தார்களே? அப்படியானால் துப்பாக்கி எடுத்தது சரிதானோ?"

கேள்வி நியாயமானது. சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தத் தலைவர் ரோகண விஜேவீர. அவர்மீது நடந்த வழக்கை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அதோடு நமக்கு மிகவும் அவசியமான இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைக்கும். நாம் ஒப்புக்கொள்ளாத பாதையில் போனவனை சர்க்கார் கூண்டில் ஏற்றும்போது நாம் என்ன செய்ய வேண்டும்? வேடிக்கை பார்ப்பதா? கை தட்டுவதா? அல்லது வேறு கடமை உண்டா?

செட்டிநாடும் சிலோனும்

காரைக்குடியில் நின்றுகொண்டு இலங்கையை அன்னிய நாடு என்று யாரும் சொல்ல முடியாது. நகரத்தார் கொழும்புச் செட்டியார் தெருவில் லேவாதேவி நடத்தினார்கள். அந்தப் பணமும் பர்மாப் பணமும் இங்கே பெரிய பெரிய வீடுகளாக நிற்கின்றன. இது ஒரு சிலோன். இன்னொரு சிலோனும் உண்டு. ராமநாதபுரம் சீமையிலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் மழை பொய்த்த காலத்தில், கங்காணியின் பேச்சை நம்பி, மண்டபம் காம்ப்பில் அடைபட்டு, கடல் தாண்டித் தேயிலைக் காட்டுக்குப் போன ஏழைகளின் சிலோன். அவர்கள் லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தார்கள். 1948-ல் இலங்கை சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பின்னால் பார்த்துக்கொள்வது என்று! ஆடு மாடுகளைப் பாகப் பிரிவினை செய்வது போல!

இந்த விவரம் ஏன் என்றால், விஜேவீரவின் அரசியலில் முதல் கோணல் இந்த இடத்தில்தான் விழுந்தது.

யார் இந்த விஜேவீர?

1943-ல் இலங்கையின் தென் கோடியில் பிறந்தவர். தந்தை கம்யூனிஸ்ட் கட்சிக்கு உழைத்தவர்; 1947 தேர்தல் சமயத்தில் அரசியல் எதிரிகளின் தாக்குதலுக்கு ஆளாகி முடங்கிப் போனார். மகன் 1960-ல் மாஸ்கோ லுமும்பா பல்கலைக் கழகத்துக்கு வைத்தியம் படிக்கப் போனார். உலகக் கம்யூனிஸ்ட் இயக்கம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த நேரம். விஜேவீர சீனாவின் பக்கம் சாய்ந்தார். 1964-ல் ஊருக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக விசா கிடைக்கவில்லை. இலங்கையில் தோழர் என். சண்முகதாசன் தலைமையில் இருந்த சீனச் சார்புக் கட்சியில் சேர்ந்தார். அங்கும் ஒத்துப்போகவில்லை. 1965-ல் தனி இயக்கம் தொடங்கினார். பத்திரிகைகள் அவர்களைச் 'சே குவேராக்காரர்கள்' என்று அழைத்தன.

அந்த இயக்கம் யாரைத் திரட்டிற்று? கிராமத்துப் படித்த வாலிபர்களை. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. விவசாயி வீட்டுப் பிள்ளை தாய்மொழியில் படித்துப் பட்டம் வாங்கினான். ஆனால் வேலை எங்கே? தேயிலை, ரப்பர், தேங்காய் என்று வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன தோட்டப் பொருளாதாரம் அப்படியே இருந்தது. படிப்பு வளர்ந்தது, வேலை வளரவில்லை. 1971-ல் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் அனுப்பிய நிபுணர் குழுவும் இந்த முரண்பாட்டைத்தான் எடுத்துக் காட்டிற்று. ஆகவே அந்த வாலிபர்களின் கோபம் நியாயமான கோபம். இதை மறுக்கிறவன் மார்க்சிஸ்ட் அல்ல.

ஆனால் அந்தக் கோபத்துக்குக் கொடுக்கப்பட்ட போதனை என்ன? 'ஐந்து வகுப்புகள்' என்று பெயர். பொருளாதார நெருக்கடி ஒன்று. சுதந்திரம் பற்றி ஒன்று. இந்திய விஸ்தரிப்பு ஒன்று. இடதுசாரி இயக்கம் ஒன்று. புரட்சிப் பாதை ஒன்று. ஐந்து வகுப்பு கேட்டால் புரட்சிக்காரன்! மூன்றாவது வகுப்பில் என்ன சொன்னார்கள்? தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளி இந்திய விஸ்தரிப்பின் கருவி என்றார்கள். நாளெல்லாம் அட்டைக் கடியில் கொழுந்து பறிக்கும் கூலிப் பெண்ணையும், இந்தியப் பெருமுதலாளியையும் ஒரே தராசில் வைத்தார்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தை உற்பத்தி செய்த மிகப் பெரிய தொழிலாளிக் கூட்டம் அதுதான். அதை எதிரி வரிசையில் நிறுத்திவிட்டுப் புரட்சி நடத்தக் கிளம்பினார்கள். தொழிலாளி வர்க்கம் இல்லாத புரட்சி! ஒரே இரவில் முடிந்துவிடும் புரட்சி!

1971 ஏப்ரல்

1970 மே தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயகா தலைமையில் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடன் ஜெயித்தது. அந்த முன்னணியில் இருந்தவர்கள் யார்? சுதந்திரக் கட்சியோடு லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தன. என்.எம். பெரேரா நிதி மந்திரி. கொல்வின் ஆர். டி சில்வா தோட்டத்துறை மந்திரி. கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் வீடமைப்பு மந்திரி. ஜே.வி.பி.யும் அந்தத் தேர்தலில் இந்த முன்னணிக்கே ஆதரவு தந்தது. ஓராண்டு ஆவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1971 மார்ச் 13-ம் தேதி விஜேவீர கைது செய்யப்பட்டு யாழ்ப்பாணச் சிறையில் அடைக்கப்பட்டார். மார்ச் 16-ல் அவசர நிலை பிரகடனமாயிற்று. ஏப்ரல் 5-ம் தேதி கலகம் வெடித்தது. தொண்ணூறுக்கு மேற்பட்ட போலீஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. கையில் இருந்தவை என்ன? வேட்டைத் துப்பாக்கிகளும் தகர டப்பாவில் செய்த வெடிகுண்டுகளும்!

அடக்குவதற்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள். இந்தியா ஹெலிகாப்டரும் கடற்படைக் கப்பலும் அனுப்பிற்று. பாகிஸ்தானும் ஹெலிகாப்டர் அனுப்பிற்று. அதே வருஷம் டிசம்பரில் ஒன்றோடொன்று யுத்தம் செய்த இரண்டு சர்க்கார்கள் இவை! பிரிட்டனும் அமெரிக்காவும் உதவின. சோவியத் யூனியன் விமானம் தந்தது. எந்தச் சீனாவின் பெயரைச் சொல்லி விஜேவீர அரசியலுக்கு வந்தாரோ அந்தச் சீனாவும் கலகத்தைக் கண்டித்து, இலங்கை சர்க்காருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

செத்தவர்கள் சுமார் 1,200 பேர் என்பது சர்க்கார் கணக்கு. பல ஆயிரம் என்பது மற்றவர்கள் கணக்கு. கணக்கு ஏன் சரியாகத் தெரியவில்லை? பிரேத விசாரணை இல்லாமலே பிணத்தை அப்புறப்படுத்தலாம் என்று அவசரகால விதி போட்டிருந்தார்கள்! எரித்த பிணத்துக்குக் கணக்கு ஏது? பதினாறாயிரம் பேர் வரை பிடித்து அடைத்தார்கள். இந்தக் கலகத்தில் சம்பந்தமே இல்லாத, விஜேவீரவின் பாதையைக் கண்டித்த சண்முகதாசனையும் அடைத்தார்கள். வலை போடுகிறவனுக்கு மீனின் ஜாதி முக்கியமல்ல.

விசாரணை எப்படி நடந்தது?

இப்போது வழக்குக்கு வருவோம். பதினாறாயிரம் பேரை என்ன செய்வது? சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தினால் சாட்சியம் வேண்டும். இலங்கையின் 1895-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், நம்முடைய 1872-ம் வருஷத்துச் சட்டத்தின் வார்ப்பு. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது இரண்டிலும் விதி. வெள்ளைக்காரன் ஏன் அப்படி எழுதி வைத்தான்? ஜனங்கள் மேல் இருந்த அன்பினாலா? இல்லை. தன் போலீஸ் லட்சணம் அவனுக்கே தெரியும். லாக்கப்பில் அடி விழுந்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வான்.

அந்த விதியைத் தாண்டுவதற்காக 1972-ல் ஒரு சட்டம் செய்தார்கள். குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் என்று பெயர். குற்றம் நடந்தது 1971-ல். சட்டம் பிறந்தது 1972-ல். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆயிற்று. வழக்கமான சாட்சிய விதிகள் தளர்த்தப்பட்டன. ஜூரி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்பே முடிவானது. அப்பீல் கிடையாது. எந்தக் கோர்ட்டும் அதைக் கேள்வி கேட்க முடியாது.

ஆணைக்குழுவில் பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ தலைமையில் ஐந்து நீதிபதிகள். அவர்களுடைய தனிப்பட்ட யோக்கியதையை நாம் குறை கூறவில்லை. ஆனால் நல்ல தச்சன் கையில் கோணல் அளவுகோலைக் கொடுத்தால் கதவு நேராக வருமா? பிரதான வழக்கில் 41 பேர் எதிரிகள். அவர்களுக்காக வாதாட வந்தவர்களில் ஒருவர் தமிழர். தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு. கலகக்காரர்களின் பாதையை ஒப்புக்கொண்டா வந்தார்? தொழிலாளி வர்க்கத்தின் பிரதிநிதி ஒருவன் அந்தக் கோர்ட்டில் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக வந்தார். அந்தப் பெயரை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விஜேவீர தன் வாக்குமூலத்தை 1973 நவம்பரில் கொடுத்தார். தன்னை மார்க்சிய லெனினியவாதி என்று சொல்லிக்கொண்டார். சதித் திட்டம் என்ற குற்றச்சாட்டை மறுத்தார். சர்க்காரின் அடக்குமுறையே ஏப்ரலை உண்டாக்கியது என்று வாதிட்டார். 1974 டிசம்பர் 20-ம் தேதி தீர்ப்பு வந்தது. அவருக்கு ஆயுள் தண்டனை.

இதே சமயத்தில் நடந்த இன்னொரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1971 ஏப்ரலில் கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம் பெண்ணைப் பட்டாளத்தார் பிடித்து, மானபங்கம் செய்து, தெருவில் நடத்தி, சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. இரண்டு ராணுவத்தினருக்குத் தண்டனை கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அவர்களை விசாரித்தது சாதாரண நீதிமன்றம். தண்டனைக்குப் பின் அவர்கள் அப்பீலுக்கும் போனார்கள். அப்பீல் கேட்கவும் பட்டது. சுட்டுக் கொன்ற சிப்பாய்க்கு அப்பீல் உண்டு. கலகம் செய்த மாணவனுக்கு அப்பீல் இல்லை! இதற்குப் பெயர் சட்டத்தின் முன் சமத்துவமா?

மீரத்தை மறக்கலாமா?

தோழர்களே, கூண்டு நமக்குப் புதிதல்ல. 1929 மார்ச்சில் வெள்ளை சர்க்கார் நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்து மீரத்துக்குக் கொண்டுபோயிற்று. சக்கரவர்த்தியின் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று குற்றச்சாட்டு. நம் தோழர்கள் கூண்டையே மேடையாக்கினார்கள். 1933 ஜனவரியில் தோழர் முஸாபர் அகமதுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். பிறகு என்ன நடந்தது? அப்பீல் நடந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அலகாபாத் ஹைக்கோர்ட்டு அந்த ஆயுள் தண்டனையை மூன்று வருஷமாகக் குறைத்தது.

ஏகாதிபத்தியக் கோர்ட்டில் கம்யூனிஸ்டுக்கு அப்பீல் இருந்தது. அந்த அப்பீலும் தானமாக வரவில்லை. வெளியே கிளர்ச்சி இருந்தது. லண்டனில்கூட தொழிலாளர்கள் குரல் கொடுத்தார்கள். இங்கே நம் சீமையில் 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றத்துக்கு ஜனங்கள் தீ வைத்தார்கள். திருவாடானைச் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். அந்தக் காலத்தில் ஸ்பெஷல் கோர்ட்டு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்ட சீமை இது. பிறகு 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் 22 தோழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணையும் அப்பீலும் நமக்கு ரத்தம் கொடுத்து வாங்கிய உரிமைகள்.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்த இடதுசாரிகள் மந்திரிகளாக உட்கார்ந்திருந்தபோது, அப்பீல் இல்லாத கோர்ட்டு இலங்கையில் பிறந்தது. இதுதான் நெஞ்சை அறுக்கும் விஷயம். சகோதரக் கட்சி என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரு சமாதானம் இருந்தது. தோட்டங்களைத் தேசியமயமாக்க வேண்டும். புது அரசியல் சட்டம் செய்ய வேண்டும். வலதுசாரிகள் திரும்பி வராமல் தடுக்க வேண்டும். ஆகவே முன்னணியை உடைக்கக் கூடாது என்றார்கள். பலன் என்ன? 1975-ல் சமசமாஜக் கட்சியை சிறிமாவோ வெளியேற்றினார். 1977 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியும் வெளியே வந்தது. அதே வருஷம் ஜூலைத் தேர்தலில் இரண்டு கட்சிகளுக்கும் ஒரு ஸ்தானம்கூடக் கிடைக்கவில்லை. வலதுசாரி ஜயவர்த்தனா 168-ல் 140 ஸ்தானங்களோடு வந்தார். கிராமத்து வாலிபனின் சிறைக் கதவுக்கு வெளியே காவல் நின்ற இடதுசாரியை, அந்த வாலிபனின் தாயும் தகப்பனும் ஏன் ஆதரிப்பார்கள்?

கத்தி கை மாறிய கதை

ஜயவர்த்தனா என்ன செய்தார்? ஆணைக்குழுச் சட்டத்தை ரத்து செய்தார். 1977 நவம்பர் 2-ம் தேதி விஜேவீரவை விடுதலை செய்தார். ஜனநாயகவாதி என்று பெயர் வாங்கினார். ஆனால் சட்டத்தை ரத்து செய்தவர் அதன் விஷத்தை ரத்து செய்யவில்லை. 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தார். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் மறுபடியும் சாட்சியம் ஆயிற்று. இந்த முறை யாருக்காக? தமிழ் வாலிபர்களுக்காக. தற்காலிகம் என்று வந்த சட்டம் 1982-ல் நிரந்தரமாயிற்று. அந்த ஆண்டு குட்டிமணிக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். தூக்கு மேடைவரை போகவிட்டார்களா? 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே அவரையும் தங்கதுரையையும் சேர்த்து 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள்.

பார்த்தீர்களா தோழர்களே? 1972-ல் சிங்கள வாலிபனுக்காகத் தீட்டிய கத்தி 1979-ல் தமிழ் வாலிபன் கழுத்துக்கு வந்தது. 1983 ஜூலைக் கலவரப் பழியை ஜயவர்த்தனா ஜே.வி.பி., நவ சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றின் மேலும் போட்டுத் தடை விதித்தார். யாரைச் சிறையில் பார்த்துக் கம்யூனிஸ்டுகள் மௌனமாக இருந்தார்களோ, அவர்களோடு சேர்த்தே கம்யூனிஸ்டுகளையும் தடை செய்தார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1985-ல் தடா வந்தது. போலீஸ் சூப்பிரண்டெண்டிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆயிற்று. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட்டு 19 பேரை விடுவித்தது. அப்பீல் இல்லாதிருந்தால் அந்த 19 பேர் என்ன ஆகியிருப்பார்கள்? பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவன் சொன்னதை முழுவதும் அப்படியே எழுதவில்லை என்று 2013-ல் வெளியே சொன்னார். 2022 மே மாதத்தில்தான் பேரறிவாளன் விடுதலையானார். பெண்ணாடம் புலவர் கலியபெருமாளுக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அது பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1983-ல் வெளியே வந்தார். அவருடைய பாதை நம் பாதை அல்ல. ஆனாலும் அவரைத் தூக்கிலிடவில்லை என்பதில் நமக்குத் திருப்தி உண்டு.

சமீப காலத்துக்கு வாருங்கள். உபா சட்டம். நம் திருச்சி ஜில்லாவில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்தவர். மாவோயிஸ்டு தொடர்பு என்று சொல்லி 2020 அக்டோபரில் கைது செய்தார்கள். கை நடுக்க வியாதி; தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குழலுக்குக்கூட கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ம் தேதி 84-ம் வயதில் ஜாமீன் கிடைக்காமலே, விசாரணை தொடங்காமலே இறந்தார். பேராசிரியர் சாய்பாபா சக்கர நாற்காலியில் இருந்தவர். 2017-ல் ஆயுள் தண்டனை. 2024 மார்ச்சில் பம்பாய் ஹைக்கோர்ட்டு அவரை நிரபராதி என்று விடுவித்தது. ஏழே மாதத்தில் காலமானார். அந்த அப்பீலும் இல்லையென்றால், ஒரு நிரபராதி குற்றவாளி என்ற பெயரோடு செத்திருப்பார்.

விசாரணையே இல்லாதபோது

விஜேவீர கதை 1977-ல் முடியவில்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்று 2,73,428 ஓட்டு வாங்கினார். அடுத்த வருஷம் தடை. 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்ததும் ஜே.வி.பி. மீண்டும் ஆயுதம் எடுத்தது. இந்த முறை போலீஸ் நிலையத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்தை ஆதரித்த இடதுசாரிகளைத் தேடித் தேடிக் கொன்றார்கள். 1988 பிப்ரவரி 16-ல் விஜய குமாரதுங்கா தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிற்சங்க ஊழியர்களையும் மாணவத் தலைவர்களையும் கொன்றார்கள். மறு பக்கம் சர்க்காரின் கொலைப் படைகள் பல பத்தாயிரம் வாலிபர்களைக் காணாமல் போகச் செய்தன. ஆற்றில் பிணங்கள் மிதந்தன. தெரு முனையில் டயரில் எரிந்தன.

1989 நவம்பர் 12-ம் தேதி மலைநாட்டில் உலப்பனை என்ற இடத்தில், தோட்டக்காரர் வேஷத்தில் இருந்த விஜேவீரவைப் பிடித்தார்கள். 13-ம் தேதி கொழும்பில் அவர் பிணமானார். காவலில் இருந்தபோது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் இறந்தார் என்று சர்க்கார் கதை சொல்லிற்று. குறை உள்ள விசாரணை என்று 1972-ஐச் சொன்னோமே, 1989-ல் அந்தக் குறை உள்ள விசாரணையும் இல்லை!

சில தோழர்கள் கேட்பார்கள்: "இடதுசாரிகளைக் கொன்றவனுக்காக நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?" வருத்தம் வேறு, நியாயம் வேறு. அவரைக் கூண்டில் நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விஜய குமாரதுங்காவைக் கொல்ல உத்தரவிட்டது யார் என்று கேட்டிருக்கலாம். கொல்லப்பட்ட ஊழியர்களின் மனைவி மக்கள் கோர்ட்டில் எழுந்து நின்று அவர் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கலாம். அவரும் பேசியிருப்பார், சித்திரவதை முகாம்களை நடத்தியவர் யார், எந்த மந்திரிக்குத் தெரியும் என்று வெளிவந்திருக்கும். அதனால்தான் சர்க்காருக்கு விசாரணை வேண்டாம். பிணம் சாட்சி சொல்லாது. கொலையுண்ட இடதுசாரிக்கும் நியாயம் கிடைக்கவில்லை. காணாமல் போன வாலிபனுக்கும் கிடைக்கவில்லை.

நம் நிலை என்ன?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். துப்பாக்கி எடுத்ததால்தான் ஜே.வி.பி. 2024-ல் ஜெயித்ததா? இல்லை. துப்பாக்கி எடுத்த இரண்டு முறையும் ஒரு தலைமுறை அழிந்தது. பின்னர் ஆயுதத்தைக் கீழே வைத்து, வீடு வீடாகப் போய், முப்பது வருஷத்துக்கு மேல் ஜனங்களிடையே வேலை செய்து, 2022-ல் விலைவாசியும் பட்டினியும் பழைய ஆட்சியாளர்களை விரட்டிய பிறகுதான் ஜெயித்தார்கள். மூன்றாவது வகுப்பில் எந்தத் தோட்டத் தொழிலாளியை எதிரி வரிசையில் வைத்தார்களோ, அந்த மலையகத்திலும் ஓட்டுக் கேட்டுப் போனார்கள், யாழ்ப்பாணத்திலும் போனார்கள், ஓட்டும் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குக் கொடுத்து வந்தார்கள். அந்தச் சட்டத்தின் வித்து தங்கள் தலைவரைத் தண்டிக்க விதைக்கப்பட்டது என்பதை மறவாமல் வாக்கைக் காப்பாற்றட்டும்.

இரண்டாவது கேள்விக்கு நம் பதில் மூன்று.

ஒன்று: தனிநபர் சாகசம், ஜனங்களை விட்டுப் பிரிந்த ஆயுதக் குழு, ஒரே இரவுப் புரட்சி ஆகிய எதையும் நாம் ஏற்கவில்லை. அதைச் சங்கத்தில், கிளையில், மாணவர் விடுதியில் பகிரங்கமாகச் சொல்லுவோம். கோபமுள்ள வாலிபனிடம் போய் உட்கார்ந்து வாதாடுவோம். போலீசுக்குத் தகவல் சொல்லி அரசியல் வாதத்தை ஜெயிப்பது நம் வேலையல்ல.

இரண்டு: அவனைப் பிடித்தால், பகிரங்க விசாரணை வேண்டும், வக்கீல் வேண்டும், ஜாமீன் வேண்டும், அப்பீல் வேண்டும் என்று கேட்போம். போலீஸ் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சாட்சியச் சட்டத்திலும் 23-ம் பிரிவாக இருக்கிறது. அந்த ஒரு வரியை எந்த விசேஷச் சட்டமும் தின்னவிடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவனின் தாய் கையெழுத்து இயக்கத்துக்கு வந்தால், அவன் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதல்ல நம் பழக்கம்.

மூன்று: ஆட்சியில் நம் நண்பர்கள் இருந்தாலும், நாமே இருந்தாலும், இந்தக் கோரிக்கை மாறாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஒரு நியாயம், மந்திரியாக இருக்கும்போது ஒரு நியாயம் என்றால், அதை ஜனங்கள் மன்னிக்க மாட்டார்கள். 1977 ஜூலையில் இலங்கை ஜனங்கள் மன்னிக்கவில்லை.

தோழர்களே, தன் ஆளுக்கு நியாயம் கேட்பது எல்லோரும் செய்கிற காரியம். அதற்குக் கட்சி வேண்டாம், பங்காளி போதும். எதிர்ப் பாதையில் போனவனுக்கும் நேர்மையான விசாரணை கேட்கிறானே, அவன்தான் தொழிலாளி வர்க்க ஜனநாயகவாதி. அடுத்த வாரம் கிளைக் கூட்டங்களில் உபா கைதிகளின் ஜாமீன் கோரிக்கை மனு வருகிறது. இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்கிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். கையெழுத்து வாங்குங்கள்.